அழாத குட்டியை எடுக்காதே

தம்பி,

வலித்தாலும் வாய் திறக்காத ஒரு வேலையாளை நீ நாய் என்ற பெயரில் தேடிக்கொண்டிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியதைக் கேட்டபோதே எனக்கு அது விளங்கிவிட்டது. "மூணு குட்டிம்மா. ரெண்டு தூக்கினாலே கத்துது. மூணாவதைக் கழுத்துத் தோலைப் பிடிச்சுத் தூக்கினேன், பத்து எண்ணுற வரைக்கும் ஒரு சத்தமில்ல. நீங்க பாப்பீங்களே, அதே மாதிரிதான் பாத்தேன்" என்றாய். உன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குப் பழக்கமானதுதான். நானும் ஒருநாள் அதே சந்தோஷத்தோடு ஒரு குட்டியைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு லயத்து வரிசை வீட்டுக்கு வந்தேன். பிறகு மூச்சு விடாமல் இன்னொன்றும் சொன்னாய். "உங்க பேத்தியும் அப்படித்தாம்மா. விழுந்தாக்கூட அழமாட்டா. அழாதேன்னு ஒரு தடவை சொன்னாப் போதும்." அதற்கு நான் ஒரு கேள்விதான் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கும்மா இப்ப" என்றாய். பிறகு "சிக்னல் இல்லம்மா" என்று வைத்துவிட்டாய். நீ இருக்கும் பட்டிப்பொலையில் சிக்னல் அடிக்கடி போகும் என்று எனக்கும் தெரியும். அன்றைக்கு அது போகவில்லை. பேத்தி கவிஷா பின்னால் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தது கூட எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அதனால்தான் எழுதுகிறேன். போனை வைத்துவிடலாம். கடிதத்தைப் பாதியில் மடித்து எங்கே செருகினாலும் அது வீட்டுக்குள்தான் இருக்கும்.

உனக்கு நாய் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தோட்டத்து வேலையை விட்டு, காட்டோரத்தில் நிலம் குத்தகைக்கு எடுத்து லீக்ஸும் கிழங்கும் போட்டிருக்கிறாய். பன்றிக் கூட்டம் ஒரு தடவை இறங்கினால் மூன்று மாத உழைப்பைக் கிளறிப்போட்டுவிட்டுப் போகிறது. விரட்ட ஒரு நாய் வேண்டும். அந்த நாயை வெளியே கட்டிப்போட்டால் சிறுத்தை கொண்டுபோகும். ஆகவே அது வீட்டுக்குள் படுக்க வேண்டும். வீடு என்பது ஓர் அறையும் ஒரு குசினியும். அங்கேதான் மருமகள் தர்ஷினி படுக்கிறாள், அங்கேதான் இரண்டு வயதுப் பிள்ளை தவழ்ந்தும் நடந்தும் எல்லாவற்றையும் பிடித்து இழுத்தும் திரிகிறாள். பெரிய வீட்டுக்காரர்கள் வேட்டைக்கு ஒன்று, பிள்ளைகள் விளையாட ஒன்று என்று இரண்டு நாய் வைத்துக்கொள்வார்கள். நம்மைப்போன்றவர்களுக்கு ஒரே நாய் இரண்டுமாக இருந்தாக வேண்டும். ஒரே காம்பராவில் சமைத்து, படுத்து, பிள்ளை பெற்று, பிணத்தையும் கிடத்திய சனங்களுக்கு நாய் மட்டும் தனித்தனியாகவா வாய்க்கும்? நீ கேட்பது ஆடம்பரம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிவதால்தான் பயமாக இருக்கிறது. கலுவையும் அப்படித்தான் நாங்கள் வீட்டுக்குள் வைத்தோம்.

கலுவை உனக்கு ஞாபகம் இருக்கும். அது எப்படி வந்தது என்று தெரியாது, உனக்கு அப்போது நான்கு வயது. தோட்டத் தொரை பங்களாவில் உயரமான ஒரு ஹவுண்ட் நாய் இருந்தது. அதற்கு வைத்தியர் கண்டியிலிருந்து வந்துபோவார். லயத்தில் காய்ச்சல் வந்தால் மருந்துக்காரரைப் பார்க்க ஒரு மைல் நடக்க வேண்டும். அந்த நாய் ஒருநாள் சங்கிலியை அறுத்துக்கொண்டு கீழேயுள்ள சிங்களக் கிராமத்துக்கு ஓடியது. இரண்டு மாதத்தில் அங்கே ஒரு வீட்டில் நாட்டு நாய் நான்கு குட்டி போட்டது. கறுப்பாக இருந்த குட்டியை அந்த வீட்டுக்காரர் கலு என்று கூப்பிட்டார். கறுப்பன் என்று அர்த்தம். நான்தான் எடுக்கப் போனேன். அந்தக் காலத்தில் குட்டி பார்க்கிற கை என்று எனக்கு ஒரு பெயர். நாலு லயத்துச் சனமும் என்னைக் கூட்டிப் போவார்கள். கொழுந்து பறிக்கும்போது பக்கத்து நிரையில் நிற்கிற பெண்கள், "இவ குட்டி பாத்தாத் தப்பாதுடி, புருஷன் பாத்ததுதான் தப்பிருச்சு" என்று சொல்லிச் சிரிப்பார்கள். உங்கப்பாவும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்.

என் சோதனை இதுதான். கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்க வேண்டும். பத்து எண்ண வேண்டும். அழுதால் அது வீட்டு நாய், அழாவிட்டால் அது வேட்டை நாய். மலையில் எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். கலு இருபது எண்ணியும் அழவில்லை. கால்களை விறைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தது. அது தைரியம் என்று நான் நினைத்தேன். இப்போது கேட்டால், பயத்தில் உறைந்துபோன குட்டி என்று சொல்வேன். கத்தத் தெரிந்த குட்டி, தனக்கு என்ன நடக்கிறது என்பதை உனக்குச் சொல்கிறது. சொல்லாத குட்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்கு எப்போதும் தெரியப்போவதில்லை.

எடுத்து வந்த பிறகு அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் செய்தேன். சோறு தின்னும்போது பக்கத்தில் போனால் கலு உறுமும். "புள்ள இருக்கிற வூட்டுல உறுமுற நாயா?" என்று தேயிலை மிலாறுக் குச்சியால் மூக்கில் ஒன்று வைப்பேன். ஒவ்வொரு தடவையும் வைத்தேன். ஆறு மாதத்தில் உறுமுவதை விட்டுவிட்டது. நாய் திருந்திவிட்டது என்று லயத்தில் பெருமையாகச் சொன்னேன். அது திருந்தவில்லை, தம்பி. கோபம் உள்ளேயே இருந்தது, எச்சரிக்கையை மட்டும் நான் அடித்து வெளியேற்றிவிட்டேன். கடிப்பதற்கு முன்னால் ஒரு நாய் பேசக்கூடிய ஒரே பேச்சு உறுமல். அதை நான் பறித்தேன்.

வேட்டைக்கு அதைப்போல நாய் கிடையாது. உங்கப்பாவும் இன்னும் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் களவாகக் காட்டுக்குப் போவார்கள். கலு பன்றியைக் கண்டால் நின்று குரைக்காது, நேரே பாய்ந்து காதைப் பிடிக்கும். கறி லயம் முழுவதும் பங்கு போகும். ஒரு பின்னங்கால் மட்டும் இலையில் சுற்றிக் கண்டாக்கு ஐயா வீட்டுக்குப் போகும். மலையில் வேலையை மேற்பார்வை பார்க்கிற அந்த ஐயா காட்டுக்குப் போனதும் இல்லை, நாய்க்கு ஒரு பிடி சோறு வைத்ததும் இல்லை. ஆனால் பின்னங்கால் சின்னதாக இருந்தால் மறுநாள் வேலை பிரிக்கிற பெரட்டில் உங்கப்பாவுக்கு எந்த மலை கிடைக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

உனக்கு ஆறு வயதில் நடந்ததை நீ ஒருபோதும் பேசியதில்லை. நானும் பேசவிட்டதில்லை. ஒரு ஞாயிறு பன்றியின் பல் கலுவின் விலாவைக் கிழித்துவிட்டது. மஞ்சள் அப்பிக் கட்டிலுக்கு அடியில் விட்டிருந்தோம். மறுநாள் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பந்து விளையாடினாய். பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. நீ குனிந்து கையை விட்டாய். உறுமல் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. நான் அடுப்படியில் இருந்து திரும்பியபோது உன் இடது முன்கை அதன் வாய்க்குள் இருந்தது. நான் விறகுக் கட்டையைத் தூக்கினேன், அது கையை விட்டது. அப்போது நீ சொன்ன முதல் வார்த்தை எனக்கு மறக்கவில்லை. "கலுவ அடிக்காதீங்கம்மா." உன் கையிலிருந்து ரத்தம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. உன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

கையில் துணியைச் சுற்றி, உன்னைத் தூக்கிக்கொண்டு நானும் உங்கப்பாவும் இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்தோம். வாசலிலேயே கண்டாக்கு ஐயா நின்றார். யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருந்தார்கள். உன் கையைப் பார்க்காமல் உங்கப்பாவைப் பார்த்தார். "நாய்க்கடின்னு ஆஸ்பத்திரியில எழுதிட்டா நாயைப் பத்தி மட்டுமா கேப்பாங்க? எந்தக் காட்டுல விட்டீங்க, என்னா புடிச்சீங்கன்னு கேப்பாங்க. கறி தின்ன வாயெல்லாம் பதில் சொல்லணும். வேலிக் கம்பி கிழிச்சிருச்சுன்னு சொல்லிருங்க. பையன் நல்ல பையன், சொன்னாக் கேப்பான்." உங்கப்பா தலையைக் குனிந்துகொண்டார். எல்லாப் பழியையும் அந்த ஐயா மேல் போட்டுவிட்டு நான் நல்லவளாக இருக்க முடியும். ஆனால் பஸ்ஸில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு, உன் காதில் மூன்று தடவை சொல்லிக்கொடுத்தது நான்தான். "கம்பின்னு சொல்லு சாமி. அழாத. அழுதா நம்மள சந்தேகப்படுவாங்க."

ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ் நோனா சிங்களவர். துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு உன் முகத்துக்கு நேரே குனிந்து, மகனே என்று சிங்களத்தில் கூப்பிட்டு, மீதியை அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "கம்பிக்குப் பல்லு இருக்கா புத்தே?" நீ என்னைப் பார்த்தாய். நான் சுவரைப் பார்த்தேன். "கம்பிதான்" என்றாய். அவர் என்னிடம் கேட்டார், நானும் கம்பி என்றேன். இன்னொரு தடவை கேட்டார். அந்தப் பெண் இரண்டு தடவை நமக்குக் கதவைத் திறந்துவிட்டார், நான் இரண்டு தடவையும் சாத்தினேன். கம்பிக் காயத்துக்கு என்ன ஊசியோ அதைப் போட்டார்கள். விசர்நாய்க் கடிக்குப் போடுகிற ஊசியைப் போடவில்லை. ஏன் போடுவார்கள்? தையல் போட்டபோதும் நீ அழவில்லை. "சிங்கக்குட்டி" என்று யாரோ சொன்னார்கள். எனக்குக் கூட அந்த நேரத்தில் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

திரும்பி வந்த பிறகு கலுவை வெளியே கட்டினோம். பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்கா, "பதினாலு நாள் நாயைப் பாருங்க. அது நல்லா இருந்தா பயமில்ல" என்றார். நான் நாள் எண்ணத் தொடங்கினேன். தினமும் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து அது குடிக்கிறதா என்று பார்ப்பேன். ஒன்பதாவது நாள் காலையில் சங்கிலி மட்டும் கிடந்தது. கழுத்து வளையம் அறுந்திருந்தது. சிறுத்தையின் காலடி தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை வரைக்கும் போயிருந்தது. ஐந்தடி தூரத்தில், சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேரும் படுத்திருந்தோம். லயத்தில் ஒருவருக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை. சத்தம் போடாத நாயைத்தானே நான் பொறுக்கி எடுத்தேன், சத்தம் போடாத நாயாகத்தானே அடித்து வளர்த்தேன்.

மீதி ஐந்து நாளை எண்ண நாய் இல்லை. அதனால் உன்னைப் பார்க்கத் தொடங்கினேன். விசர் பிடித்தால் தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது வர மாதக்கணக்கு ஆகலாம் என்றும் சொல்வார்கள். ஒவ்வொரு காலையும் நீ எழுந்தவுடன் ஒரு டம்ளர் தண்ணீரை உன் கையில் கொடுத்து, நீ விழுங்கி முடிக்கும்வரை உன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு வருஷம் நின்றேன். நீ ஒருநாள் விளையாட்டுக்குத் தண்ணீரைத் துப்பினாய், அன்றைக்கு நான் பெரட்டுக்குப் போகவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய் உண்மையைச் சொல்லி ஊசி போட்டிருக்கலாம். அடுத்த வாரமும் போயிருக்கலாம். பயந்துகொண்டே நின்றேனே தவிர, போகவில்லை. உனக்கு ஒன்றும் ஆகாமல் போனதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. நீ இப்போதும் எழுந்ததும் தண்ணீர் குடிக்கிறாய். கவிஷாவுக்கும் கொடுக்கிறாயாம். "நீங்க பழக்கிவிட்டதாம் அத்தை, பெருமையாச் சொல்றாரு" என்று தர்ஷினி சொன்னாள். அது எந்தப் பழக்கம் என்று இப்போது தெரிந்துகொள்.

இந்த மலையில் சத்தம் போடாதவர்களுக்குத்தான் நல்ல பெயர். முப்பது வருஷமாகக் கங்காணி என்னைச் சுட்டிக்காட்டிப் புதுப் பெண்களிடம், "இந்தம்மாவப் பாத்துப் பழகுங்க, ஒரு வாய்ப்பேச்சு இல்ல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். குளவி கொட்டி முகம் வீங்கிய அன்றைக்கும் அதையேதான் சொன்னார். நம்மைக் கழுத்தில் பிடித்துத் தூக்கிப் பார்த்துத்தான் தோட்டத்துக்கு எடுத்தார்கள், அழாதவர்களுக்கு நல்ல தொழிலாளி என்று பெயர் வைத்தார்கள். அதைப் பார்த்துப் பழகி நாங்களும் நாயை அப்படி எடுத்தோம், பிள்ளையை அப்படி வளர்த்தோம். இதை நான் மன்னிப்புக்காகச் சொல்லவில்லை. எங்கிருந்து கற்றுக்கொண்டோம் என்று தெரிந்தால்தான் எதை விட வேண்டும் என்று தெரியும்.

இனி குட்டி விஷயம். மறுபடியும் போ, தனியாகப் போகாதே, தர்ஷினியையும் பிள்ளையையும் கூட்டிப் போ. குட்டிகளைத் தொடுவதற்கு முன்னால் தாயைப் பார். குட்டிகளை வைத்திருப்பவர் அது நல்ல வேட்டை நாய் என்று சொன்னார் என்றாய். பன்றியைக் கண்டால் பாய்கிறதா, எட்டி நின்று குரைக்கிறதா என்று கேள். பாய்கிற நாய் ஒருநாள் கிழிபட்டு உன் வீட்டுக்குள் வந்து படுக்கும், வலியோடு படுத்திருக்கும் நாய்க்குப் பக்கத்தில் உன் பிள்ளை போவாள். உனக்குப் பன்றியைப் பிடிக்க வேண்டியதில்லை, விரட்டினால் போதும். எட்டி நின்று குரைத்து, கூப்பிட்டால் திரும்பி வருகிற நாயின் குட்டி போதும். குட்டிகளோடு இருக்கும்போது அந்தத் தாய் தன் வீட்டுப் பிள்ளைகளை அண்டவிடுகிறதா என்றும் பார். அப்பன் நாய், சுற்றுலா விடுதியில் வளர்கிற லாப்ரடோர், அது பிள்ளைகளோடு பழகும், ஆகவே பாதி வேட்டையும் பாதி சாதுவுமாக வரும் என்று நீ நினைக்கிறாய். தேத்தண்ணியில் பால் ஊற்றுவது போல இரண்டு ரத்தம் கலக்காது. ஒன்றுக்குத் தாயின் ஓட்டமும் அப்பனின் பொறுமையும் வரும், இன்னொன்றுக்கு அப்பனின் கனமும் தாயின் பல்லும் வரும். கலுவைக் கூடத் தொரை நாயின் ரத்தம் என்றுதான் மெச்சினோம். பிறப்பைச் சொல்லிக் குணத்தைச் சொல்கிறவர்களிடம் நாம் பட்டது போதாதா? குட்டியைக் குட்டியாகப் பார்.

ஒரு தகரத் தட்டைக் கீழே போடு. எல்லாம் மிரண்டு ஓடும், ஓடட்டும். எது திரும்பி வந்து தட்டை மோந்து பார்க்கிறது என்று பார். அதற்குப் பன்றியிடம் போகிற துணிவு இருக்கும், மிரண்ட பிறகு தன்னைத் தேற்றிக்கொள்ளவும் தெரியும். அதை மடியில் மல்லாக்கப் போட்டு நெஞ்சில் கை வை. கொஞ்சம் திமிறி, கொஞ்சம் முனகி, பிறகு அடங்கினால் நல்லது. ஒரேயடியாகத் திமிறிக் கடித்தால் வேண்டாம். கட்டைபோலக் கிடந்தால் அதுவும் வேண்டாம். நீ சொன்ன அந்த மூன்றாவது குட்டி அப்படிக் கிடக்கும் என்றுதான் நினைக்கிறேன். கடைசியாகக் கவிஷாவை உன் கைக்குள் வைத்துக்கொண்டு தரையில் உட்கார். அவள் கத்துவாள், கையை ஆட்டுவாள். எந்தக் குட்டி தானாக வந்து, மோந்து, வேண்டாம் என்றால் தானாக விலகிப் போகிறதோ அதுதான் உன் நாய். விலகத் தெரிந்த நாய் கடிக்க அவசரப்படாது. இரண்டு மாதம் ஆகும்வரை தாயிடம் இருக்கட்டும். அதற்குரிய வயது வந்ததும் விசர் ஊசியைப் போட்டு அட்டையை வாங்கி வீட்டில் வை. தின்னும்போதும் படுத்திருக்கும்போதும் பிள்ளையை அதன் பக்கத்தில் விடாதே, எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் அவளையும் அதையும் தனியாக விட்டுவிட்டு வயலுக்குப் போகாதே. அது உறுமினால் அடிக்காதே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, நாய்க்கு என்ன பிடிக்கவில்லை என்று பார். உறுமுகிறவரைக்கும் அது உன்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறது.

இவ்வளவையும் எழுதி உங்கப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இதெல்லாம் எதுக்கு புள்ள இப்ப" என்றார். நீ சொன்ன அதே வார்த்தை. அவர் எழுந்து வெளியே போய்விட்டார், போகும்போது வாசலில் இன்னும் அடித்தே கிடக்கிற, கலுவைக் கட்டிய சங்கிலி முளையைத் தாண்டித்தான் போனார். இந்தக் குடும்பத்தில் இரண்டு ஆண்கள், இரண்டு பேரும் ஒரே இடத்தில் வாயை மூடுகிறீர்கள். அந்த வாயை மூடக் கற்றுக்கொடுத்தவள் நான் என்பதால், திறக்கச் சொல்கிற வேலையும் என்னுடையதுதான். கவிஷாவுக்கு இரண்டு வயதுதான் ஆகிறது. அவள் விழுந்தும் அழாமல் எழுந்திருப்பதைப் போனில் சொல்லி நீ சிரித்தபோது, ஆஸ்பத்திரிப் பலகையில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆறு வயதுப் பிள்ளைதான் எனக்குத் தெரிந்தான். நாளைக்கு அவளை ஒரு நாய் கடித்தால், ஒரு மனிதன் கடித்தால், அவள் உன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கம்பி என்று சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டதையே மறுபடியும் கேட்கிறேன். இருபத்தொரு வருஷம் கேட்காமல் விட்டது என் தப்பு. கேட்ட பிறகு போனை வைத்தது உன் தப்பு. குட்டி எடுக்கப் போவதற்கு முன்னால், தர்ஷினியும் பிள்ளையும் பக்கத்தில் இருக்கும்போது, அவர்கள் காதில் விழும்படி சொல். எனக்கும் எழுது. கலு கடித்த அன்றைக்கு உனக்கு எவ்வளவு வலித்தது?